சாவி இருந்தும் திறவாத கதவு

(பத்தாம் வகுப்பு மாணவி)



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் மொழி. இதை நாம் கட்டுரை ஏட்டில் பலமுறை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை காய்ச்சல், சளி, அம்மை போன்றவையே. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். அம்மை வந்தால் முத்து முத்தாகத் தெரியும். உடனே வீட்டில் எல்லோரும் விழித்துக் கொள்வார்கள். இப்படி அறிவித்துவிட்டு வராமல், ஓசையின்றி வீட்டுக்குள் நுழையும் நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று சர்க்கரை நோய் என்று நாம் கூறும் நீரிழிவு. அந்நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலுக்குள் ஒரு மாறுதல் தொடங்கிவிடுகிறது. அதற்கு 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயர்.

"சர்க்கரை நோய் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வருவது. பள்ளி மாணவியராகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடைபெற்ற பெரிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில், அதாவது முன்நிலையில், நிற்கிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே நாளில் அங்கு வந்து சேர்ந்தவர்கள் அல்லர். பலருக்கு அந்தப் பயணம் இளமையிலேயே தொடங்கியிருக்கும். தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிட முடியும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

சாவியும் கதவும்

நாம் உண்ணும் சோறு, இட்லி, சப்பாத்தி யாவும் செரித்தபின் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இந்தச் சர்க்கரைதான் உடலின் உயிரணுக்களுக்கு எரிபொருள். ஆனால் தசை, கொழுப்பு ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள் அது தானாகப் பெருமளவில் நுழைந்துவிட முடியாது. வயிற்றின் பின்புறம் இருக்கும் கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற பொருளைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு சாவி போன்றது. அது உயிரணுவின் கதவைத் திறந்தால் சர்க்கரை உள்ளே சென்று வேலைக்குப் பயன்படும். கல்லீரலிடமும் இன்சுலின், "இப்போது போதிய சர்க்கரை இருக்கிறது, நீ மேலும் வெளியே விடாதே" என்று சொல்லி நிறுத்துகிறது.

சில உடல்களில் சாவி இருக்கிறது, கதவும் இருக்கிறது, ஆனால் கதவு எளிதில் திறப்பதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. தசையிலும் கல்லீரலிலும் வேண்டாத கொழுப்பு சேர்வது, உடல் அசைவு குறைவது, பரம்பரைக் கூறுகள் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள்.

இதை நம் வகுப்பறையைக் கொண்டே விளக்கலாம். மாணவியர் அமைதியாக இருந்தால் ஆசிரியை மெல்லப் பேசினாலே போதும். இரைச்சல் மிகுந்தால் அவர் குரலை உயர்த்துவார். பாடமும் நடக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. நாள்தோறும் இப்படியே கத்த நேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் தொண்டை கட்டிவிடும். பாடம் நின்றுவிடும். கணையமும் அப்படித்தான். உயிரணுக்கள் செவி சாய்க்காதபோது அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை அளவில் வைத்திருக்கிறது. அதனால் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றே முடிவு வரும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையம் களைத்துப் போகிறது. அப்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. அதைத்தான் இரண்டாம் வகை நீரிழிவு என்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் வகை நீரிழிவு வேறு. அதில் இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. அந்நோயுள்ள சிறுவர் சிறுமியர் தின்பண்டம் தின்றதனால் நோயைத் தேடிக் கொண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு இன்சுலின் ஊசி உயிர் காக்கும் மருந்து, அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது அன்று.

கண்டறிந்த கதை

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பிலிருந்த அவன் பிழைத்தான். உலகமே மகிழ்ந்தது. நீரிழிவு என்றால் இன்சுலின் குறைவு என்று எல்லோரும் எண்ணினர்.

ஆனால் 1936-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் ஒரு விந்தையைக் கண்டார். நோயாளிகளுக்குச் சர்க்கரை நீரும் இன்சுலின் ஊசியும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறவில்லை. வேறு சிலருக்கோ இன்சுலின் கொடுத்தும் ஏறியது. இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத உடல்கள் உண்டு என்று அவர் எழுதினார். ஆயினும் இரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்று அளக்க அக்காலத்தில் நல்ல வழி இல்லை. அவ்வளவு நுண்ணிய அளவு அது.

அந்த வழியைக் கண்டவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை. இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட அதே 1921-இல் நியூயார்க்கில் பிறந்தவர் ரோசலின் யாலோ. பௌதிகம் பயில அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்குள்ள பொறியியல் கல்லூரியின் 400 பேர் நடுவே அவர் ஒருவரே பெண். பின்னர் மருத்துவர் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து, கதிரியக்கத்தின் துணையால் இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார். 1960-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. நடுவயதில் நீரிழிவு வந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின் குறையவில்லை. மற்றவர்களைவிட மிகுதியாகவே இருந்தது! ஆக, குறை சாவியில் இல்லை, கதவில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. தாங்கள் கண்ட முறைக்கு அவ்விருவரும் காப்புரிமை கூடக் கேட்கவில்லை. 1977-இல் யாலோ அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார்.

மெலிந்தவர்களுக்கும் உண்டா?

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று சில தோழியர் நினைக்கலாம். 2004-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே. அது 22.3. ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடு! பார்வைக்கு மெலிந்திருந்தும் உள்ளே, குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பைச் சேர்த்து வைப்பது நம் நாட்டவர் பலரின் உடல்வாகு. ஆகையால் மற்ற நாடுகளில் வளர்ந்தவர்களின் உடல் நிறை எண் 25-ஐத் தாண்டினால்தான் மிகை எடை என்பார்கள். நமக்கோ 23 என்றாலே எச்சரிக்கை. வளர்ந்த பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கின்றனர் மருத்துவர். வளரும் வயதினராகிய நமக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. அதை மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னுமொரு செய்தி. பூப்படையும் பருவத்தில் எல்லோருக்குமே இன்சுலின் எதிர்ப்புச் சிறிது மிகுகிறது. வளர்ச்சிக்கான சுரப்புகள் பெருகுவதே காரணம். வளர்ச்சி முடிந்ததும் அது பெரும்பாலும் தணிந்துவிடும். எனவே அஞ்ச வேண்டாம். ஆனால் இதே வயதில் உட்கார்ந்த வாழ்க்கையும் தின்பண்டங்களும் உறக்கக் குறைவும் சேர்ந்துகொண்டால் தணிய வேண்டியது தணியாமல் நிலைத்துவிடக் கூடும்.

அது அழுக்கு அன்று!

பெற்றோர்கள் தயவு செய்து இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

சில பெண்களுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் ஆகிவிடுகிறது. "சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை" என்று வீட்டில் திட்டு விழும். "கழுத்துச் சங்கிலியின் கறுப்பு" என்பார்கள் சிலர். பீர்க்கங்காய் நாராலும் எலுமிச்சம்பழத் தோலாலும் பயற்றம் மாவாலும் தோல் எரியும் வரை தேய்ப்பார்கள். வகுப்பிலும் கேலி பேசுவோர் உண்டு. அந்தப் பெண் பாவாடைத் தாவணியின் முந்தானையாலோ, துப்பட்டாவாலோ கழுத்தை மூடிக்கொண்டு தலை குனிந்து நடப்பாள்.

தோழியரே, அது அழுக்கு அன்று. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மருத்துவர்கள் அதை 'அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்' என்பர். இரத்தத்தில் மிகுந்துள்ள இன்சுலின் தோலின் அணுக்களைத் தூண்டி வளரச் செய்வதால் பெரும்பாலும் இது உண்டாகிறது. கறுத்த கழுத்துள்ள எல்லோருக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் காட்ட அது போதுமான காரணம். இன்சுலின் எதிர்ப்புக் குறையும்போது அந்தக் கறுப்பும் மெல்ல மெல்ல மங்கும்.

மற்றோர் அடையாளத்தைக் கூச்சத்தால் நாம் வெளியில் சொல்வதில்லை. பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பின்னும் பல மாதம் வராமலிருப்பது, முகத்தில் மிகையாக ரோமம் வளர்வது, முகப்பரு தணியாமலிருப்பது ஆகியவை சினைப்பை நீர்க்கட்டி என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். இக்குறைபாடுள்ள பெண்கள் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பும் இருக்கிறது. இதைத் தாயிடம் சொல்வதில் வெட்கம் எதற்கு? "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிப் போடுவதும் தவறு.

தாய் தந்தையர்க்கு நீரிழிவு இருந்தாலும், நாம் கருவிலிருந்தபோது தாய்க்குக் கர்ப்ப கால நீரிழிவு இருந்திருந்தாலும் கூடுதல் கவனம் தேவை. பரிசோதனை எளிதே. இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல் காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்குப்படி சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முன்நிலை. 126-உம் அதற்கு மேலும் இருந்து, மறுபடி பார்த்து உறுதியானால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி என்ற பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 முதல் நீரிழிவு.

வாழ்க்கை முறையா, மாத்திரையா?

இன்சுலின் எதிர்ப்பு இருப்பது தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? உணவையும் உழைப்பையும் திருத்துவதா? மாத்திரை விழுங்குவதா? இக்கேள்விக்கு நம் சென்னையிலேயே விடை தேடியிருக்கிறார்கள்.

மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, நீரிழிவின் முன்நிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தனர். முதல் பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் 30 நிமிடமாவது விரைந்து நடந்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைத்து உண்டனர். மூன்றாம் பிரிவினர் மெட்பார்மின் என்னும் மாத்திரையைச் சிறு அளவில் உட்கொண்டனர். நான்காம் பிரிவினர் இரண்டையும் செய்தனர். மூன்றாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தனர். 2006-இல் முடிவு வெளியாயிற்று. முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆகிவிட்டனர். நடந்து, அளவோடு உண்டவர்களில் 39 பேர். மாத்திரை உட்கொண்டவர்களில் 40 பேர். இரண்டும் செய்தவர்களில் 39 பேர்.

சிந்தித்துப் பாருங்கள்! காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு, காசில்லாத நடை சற்றும் தாழ்ந்ததன்று. மற்றொன்று இன்னும் வியப்பு. நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை. ஆயினும் நன்மை விளைந்தது! "எடை குறையவில்லையே, நடந்து என்ன பயன்?" என்று சோர்ந்து போகிறவர்களுக்கு இது எத்தனை ஆறுதல்!

இதற்கு முன்பு 2002-இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே போன்ற விடைதான். அங்கே வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் 7 விழுக்காடு எடைக் குறைப்பும் இலக்காக வைக்கப்பட்டன. அவ்வாறு செய்தவர்களுக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் உட்கொண்டவர்களுக்கு 31 விழுக்காடு குறைந்தது.

மாத்திரை எப்போது?

இதைப் படித்துவிட்டு மாத்திரையே தீது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மெட்பார்மினுக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. ஐரோப்பாவில் கலேகா என்ற ஒரு செடி பழங்காலத்திலிருந்தே மருந்தாகப் பயன்பட்டு வந்தது. அதிலுள்ள பொருளை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகவே இம்மாத்திரை பிறந்தது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் இதை நீரிழிவுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். இது கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைக்கிறது. இன்சுலின் நன்கு வேலை செய்யவும் துணை புரிகிறது.

உணவும் உழைப்பும் திருத்திய பின்னும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனாலும், நீரிழிவே வந்துவிட்டாலும், மாதவிலக்குக் குறைபாட்டோடு இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்தாலும் மருத்துவர் இதைக் கொடுக்கலாம். மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் இளையவர்களிடமும் உடல் பருமன் மிகுந்தவர்களிடமும் மாத்திரை கூடுதலாகப் பலன் தந்தது. இதைத் தொடங்கும்போது சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு வருவதுண்டு. உணவோடு உட்கொண்டால் குறையும். நெடுநாள் உட்கொள்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். ஆகவே பாட்டியின் மாத்திரைப் பெட்டியிலிருந்து பேத்தி எடுத்து விழுங்கும் மருந்து அன்று இது. அதேபோல், மருத்துவர் கொடுத்ததை அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை உட்கொள்வது ஒரு பெண்ணுக்கு இழுக்குமன்று.

மாத்திரை மட்டும் போதுமா? 10 முதல் 17 வயது வரையுள்ள, இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிட்ட 699 பேரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2012-இல் வெளிவந்த அதன் முடிவு கவலைக்குரியது. மெட்பார்மின் மட்டும் உட்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. இளமையில் வரும் நீரிழிவு முதுமையில் வருவதைவிடக் கடுமையானது என்பதையே இது காட்டுகிறது. அதனால்தான் வருமுன் காத்தல் வேண்டும் என்கிறோம்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, உடலை அசைப்போம். நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகள் இன்சுலின் இல்லாமலேயே தம் கதவைத் திறந்து சர்க்கரையை வாங்கிக் கொள்கின்றன. திறவாத கதவுக்கு இதைவிட எளிய வழி ஏது? நம் வயதினர் நாளொன்றுக்கு 60 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கயிறு தாண்டலாம், கோகோ ஆடலாம், பாண்டி ஆடலாம், கிணற்றில் நீர் இறைக்கலாம், மிதிவண்டியில் பள்ளிக்கு வரலாம். இரவு உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலும் சர்க்கரை ஏற்றம் குறையும். பொதுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்புத் தானாகவே கணக்கு வகுப்பாக மாறிவிடும் அதிசயம் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். பெரியவர்கள் மனம் வைத்து அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்கு விட்டு வைத்தால் எங்கள் கணையம் அவர்களை வாழ்த்தும்.

இரண்டாவது, தட்டை மாற்றி அடுக்குவோம். சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி என்று வைத்துக் கொண்டால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் சோறு மலைபோலவும் பொரியல் மடுபோலவும் இருக்கிறது. அதைத் தலைகீழாக்க வேண்டும். கம்பும் கேழ்வரகும் நல்லவையே. ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. நன்கு அரைத்து, வெல்லமும் சேர்த்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். கீரையோ கடலையோ சேர்த்து அடையாகச் சுட்டு அளவோடு உண்பது நலம்.

மூன்றாவது, இனிப்பைக் குடிக்காமல் இருப்போம். 300 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு ஏழு தேக்கரண்டி இருக்கிறது. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் சேர்க்கும் சர்க்கரை இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பிக்கு நாம் போடும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? நீர்மோரும் பானைத் தண்ணீரும் இருக்கும்போது நமக்கென்ன குறை? பழத்தைப் பிழிந்து சக்கையை எறியாமல் கடித்துத் தின்போம்.

நான்காவது, உறங்குவோம். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமாக இருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கச் செய்தனர். அந்தச் சில நாட்களிலேயே சர்க்கரையைக் கையாளும் அவர்கள் உடலின் திறன் குன்றிவிட்டது. விடிய விடியப் படிப்பதும், விடிய விடியக் கைப்பேசி பார்ப்பதும் கணையத்துக்கு ஒன்றுதான். எட்டு மணி நேர உறக்கம் சோம்பல் ஆகாது.

ஐந்தாவது, பட்டினி கிடக்காதிருப்போம். மெலிய வேண்டுமென்று காலை உணவை விட்டுவிட்டு மாலையில் பஜ்ஜியும் பப்ஸும் தின்பது வீண். வளரும் உடலுக்குப் புரதமும் இரும்புச் சத்தும் வேண்டும். அழகுக்காக அன்று, நலத்துக்காகவே இம்மாற்றங்கள்.

முடிவுரை

இவையனைத்தையும் ஒரு பெண்ணால் தனியாகச் செய்ய முடியாது. அவளுக்கு மட்டும் தனியாகக் காய்கறி வேகவைத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவள் எதிரிலேயே மைசூர்பாகு தின்றால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? "குண்டு" என்று அழைத்து எவரையும் நாம் மெலிய வைத்ததில்லை, அழ வைத்ததுதான் உண்டு. அம்மா நடந்தால் மகளும் நடப்பாள். அப்பா காப்பியில் சர்க்கரையைக் குறைத்தால் பிள்ளைகளும் குறைப்பார்கள். ஒரு வீட்டின் அடுப்படி மாறினால் அங்குள்ள பாட்டியின் நீரிழிவும் கட்டுப்படும், பேத்தியின் நீரிழிவும் தள்ளிப் போகும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். நாம் ஐந்தையும் கடந்துவிட்டோம், ஐம்பதுக்கும் வெகு தூரம் இருக்கிறது. வளைவதற்கு இதுவே ஏற்ற காலம். அடுத்த முறை ஒரு தோழியின் கறுத்த கழுத்தைக் காண நேர்ந்தால் கேலி செய்யாமல், அவளருகில் சென்று, "மருத்துவரிடம் காட்டினாயா? மாலையில் என்னோடு கயிறு தாண்ட வருகிறாயா?" என்று கேட்போம். அவளோடு சேர்ந்து நாமும் நலம் பெறுவோமாக!